பூசை போடாத படகில் எருமைப்பாறைக்கு

இந்தப் பயணத்தில் கடலில் போன தூரம் ஒன்றரைக் கிலோமீட்டர்தான். அதற்கு எதற்கு இவ்வளவு நீளமான பதிவு என்று கேட்பவர்கள், கீழே இருக்கும் குறிப்புகளை மட்டும் படித்துவிட்டுப் போகலாம். மற்றவர்களுக்குச் சொல்கிறேன்: அந்த ஒன்றரைக் கிலோமீட்டருக்காக என் மனைவி சுகுணா பதினைந்து வருடம் காத்திருந்தாள்.

போனது இந்த வருடம், 2007 பிப்ரவரியில், ஒரு சனிக்கிழமை காலை. போன இடம் மாமல்லபுரத்துக்கு வடக்கே, ஒரு மீனவக் குப்பத்துக்கு நேர் எதிரே கடலுக்குள் இருக்கும் பாறைத் திட்டு. குப்பத்தில் அதை எருமைப்பாறை என்கிறார்கள். கரையிலிருந்து பார்த்தால், குளத்தில் இறங்கிவிட்டு எழுந்திருக்க மனசில்லாமல் கிடக்கும் எருமையின் முதுகு போலத்தான் இருக்கிறது. குப்பத்தின் பெயரை எழுத வேண்டாம் என்று படகுக்காரர் கேட்டுக்கொண்டார். ஏன் என்பது படித்து வரும்போது உங்களுக்கே தெரிந்துவிடும்.

நான் மன்னார்குடிப் பக்கத்துக்காரன். எங்கள் வயலில் பத்தடி தோண்டினாலும் ஒரு கூழாங்கல் தட்டுப்படாது. கல் என்றால் அம்மியும் ஆட்டுக்கல்லும்தான். அவையும் வெளியூரிலிருந்து வண்டியேறி வந்தவை. வேலைக்காகப் புதுப்பட்டினம் வந்து, செங்கல்பட்டுப் பெண்ணைக் கட்டிக்கொண்ட பிறகுதான் கல்லுக்கெல்லாம் தனித்தனிப் பெயர் உண்டு என்று தெரிந்தது. சுகுணா நிலவியலில் எம்.எஸ்ஸி. படித்தவள். இப்போது அஞ்சல் அலுவலகத்தில் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து தபால்களை எடை போடுகிறாள். வீட்டுச் சமையல் மேடைக்குக் கறுப்பு கிரானைட் வாங்கப் போன கடையில், “இது கிரானைட்டே இல்லை, டோலரைட்” என்று அவள் ஆரம்பிக்க, கடைக்காரர் நாங்கள் விலை குறைப்பதற்காக ஏதோ நாடகம் போடுகிறோம் என்று நினைத்து, கடைசிவரை ஒரு ரூபாய் குறைக்கவில்லை.

எருமைப்பாறைக் கதை 1992-ல் தொடங்குகிறது. அவளுடைய வகுப்பைக் களப்பயிற்சிக்கு இந்தக் கரைக்கு அழைத்து வந்திருக்கிறார்கள். ஒன்பது பையன்கள், மூன்று பெண்கள், ஒரு பேராசிரியர். பேராசிரியர் தங்கமான மனிதர், கல்லைக் கண்டால் பசி தாகம் மறந்துவிடுவார் என்று சுகுணாவே சொல்வாள். அவர் எருமைப்பாறையைக் கைகாட்டி, அது ஒரு பழைய எரிமலையின் தொண்டையில் அடைத்துக்கொண்ட கல் என்று சொல்லியிருக்கிறார். நம்ம கரையில் எரிமலையா என்று எல்லோருக்கும் ஒரே குதூகலம். பையன்கள் கட்டுமரத்தில் போய்ப் பார்த்துவரக் கிளம்பினார்கள். பெண்களை ஏற்ற மாட்டோம் என்று கட்டுமரக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். பேராசிரியரும், “சரி, நீங்க மூணு பேரும் கரையிலயே இருங்கம்மா” என்று முடித்துவிட்டார். ஆக மூன்று பெண்களும் அன்று காலை முழுக்க ஒன்பது ஜோடி செருப்புக்கும் எலுமிச்சை சாதப் பொட்டலங்களுக்கும் காவல் இருந்தார்கள்.

காவல் இருந்த நேரத்தில் சுகுணா ஒரு இரவல் பைனாகுலரை வைத்துக்கொண்டு பாறையைப் பார்த்தபடியே இருந்திருக்கிறாள். எரிமலை அடைப்பு என்றால் ஏறக்குறைய வட்டமாக இருக்க வேண்டும், இது நீளவாக்கில் கிடக்கிறதே என்று அவளுக்கு உறுத்தியது. பையன்கள் திரும்பி வந்தபோது கையில் கறுப்பாக, நைசாக ஒரு கல் இருந்தது. கரையிலேயே இருந்த பேராசிரியர் அதைத் தடவிப் பார்த்துவிட்டுச் சந்தேகமே இல்லை என்றார். சுகுணா மட்டும் தன் ஆய்வறிக்கையில், இது எரிமலை அடைப்பு இல்லை, பாறை மொத்தமும் ஒரு டைக் என்று எழுதினாள். வாய்மொழித் தேர்வில், “கரையில உக்காந்துக்கிட்டே முடிவு பண்ணிட்டீங்களா?” என்று கேட்டுவிட்டு, அந்தக் கறுப்புக் கல்லை மேஜைமேல் வைத்து, அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்கள்.

இந்தக் கதையைக் கல்யாணமான முதல் வாரத்தில் எனக்குச் சொன்னாள். அதற்குப் பிறகு கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகும்போதெல்லாம் சொன்னாள். ஒரு பையன் இரக்கப்பட்டுக் கொடுத்த அந்தக் கல்லின் துண்டு எங்கள் வீட்டில் ஊறுகாய் ஜாடியின் மூடிமேல் பாரமாக உட்கார்ந்திருக்கிறது. அவள் சொன்னது சரியா, தப்பா? அதைத் தெரிந்துகொள்ளாமல் அவளால் நிம்மதியாக ஊறுகாய்கூட எடுக்க முடியவில்லை. அவளைக் கேலி செய்துகொண்டே, எப்படியாவது அவள் சொன்னது சரியாக இருக்கக் கூடாதா என்று நானும் ஆசைப்பட ஆரம்பித்திருந்தேன்.

இங்கே கொஞ்சம் பாடம் எடுக்க வேண்டியிருக்கிறது. எனக்கே புரிந்தது என்றால் உங்களுக்கும் புரியும். குக்கரில் பருப்பு பொங்கி விசில் குழாய்க்குள் ஏறி, அங்கேயே காய்ந்து கெட்டியாகிவிடும் இல்லையா? எரிமலை அடைப்பு அந்த மாதிரி. எரிமலை அணைந்ததும் அதன் தொண்டையில் நின்றுபோன குழம்பு கல்லாகிவிடும். சுற்றியிருந்த மலை மழையிலும் வெயிலிலும் கரைந்துபோன பிறகு, அந்தத் தக்கை மட்டும் தனியாக நிற்கும். கடலுக்குள் நின்றால் அது ஒரு தீவு. வெளிநாடுகளில் அப்படிப்பட்ட தீவுகள் பல உண்டாம். பேராசிரியர் அவற்றின் படங்களைக் காட்டித்தான் பாடம் நடத்தியிருக்கிறார். அதில் மயங்கியும் இருந்திருக்கிறார்.

டைக் என்பது வேறு. வீட்டுச் சுவரில் விரிசல் விட்டால் சிமெண்ட் பால் விட்டு அடைக்கிறோம். பூமிக்கடியில் பாறையில் விட்ட விரிசலில் கீழேயிருந்து குழம்பு ஏறி, மேலே வந்து வெடிக்காமல் உள்ளேயே உறைந்துபோனால் அது டைக். நம் பக்கத்து டைக்குகள் பெரும்பாலும் டோலரைட் என்ற கறுப்புக் கல்தான். அடைப்பு வட்டமாக இருக்கும், டைக் சுவர் மாதிரி நீளமாக ஓடும். ஆக எருமைப்பாறை வட்டமா நீட்டமா என்பதுதான் எங்கள் வீட்டுத் தகராறு. மூன்றாவதாக ஒன்று இருக்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை.

படகு தேடி முந்தின ஞாயிற்றுக்கிழமை குப்பத்துக்குப் போனோம். புதுப்பட்டினத்திலிருந்து ஸ்கூட்டரில் முக்கால் மணி நேரம். மணலில் ஒரு பைபர் படகை ஏற்றி வைத்து, பழைய பெயிண்டைச் சுரண்டிக்கொண்டிருந்தவர் பெயர் ஏழுமலை. நாற்பது வயது இருக்கும். சுனாமிக்குப் பிறகு நிவாரணத்தில் கிடைத்த படகு அது. படகின் நிழலில் அவர் மனைவி கன்னியம்மா மீன் ஆய்ந்துகொண்டிருந்தார்.

“பாறைக்கா? இன்னாத்துக்கு சார்? அங்க நண்டு கூட ஒயுங்கா கெடைக்காது” என்றார் ஏழுமலை.

“கல்லு பாக்கணும்.”

“கல்லு பாக்க எல்லாரும் மகாலிபுரம் போறாங்க. நீ இன்னா சார் கடலுக்குள்ள போற?”

“நான் இல்ல. இவங்கதான் பாக்கணும்.”

ஏழுமலை சுரண்டுவதை நிறுத்தினார். “பொம்பளைங்கள ஏத்த மாட்டோம் சார். வலை போடுற படகு. அவங்க காலு வச்சா மீன் சேராதுன்னு பெரியவங்க சொல்லிக்கீறாங்க. நீ வேணா வா. போட்டோ புடிச்சினு வந்து அம்மாவுக்குக் காட்டு. அம்மா இங்க நெயல்ல குந்திக்கினு இருக்கட்டும்.”

அவர் மரியாதையாகத்தான் சொன்னார். சுகுணா செருப்பைக் கழற்றி மணலைத் தட்டினாள். மணல் போன பிறகும் தட்டிக்கொண்டே இருந்தாள். எனக்கு அவள் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை. கிளம்பலாம் என்று நான் வண்டிச் சாவியை எடுத்தபோதுதான் கன்னியம்மா வாயைத் திறந்தார்.

“ஏய்யா, இது இப்ப படகா?”

“பின்ன இன்னா, பஸ்ஸா?”

“வலைய இறக்கிட்ட. என்ஜின் வூட்ல கீது. பெயிண்ட் அடிச்சி, பூசை போட்டு, தேங்கா ஒடைச்சி தண்ணில இறக்குனாதான் படகு. அதுவரிக்கும் வெறும் பைபர் தான? பூசைக்கு மொத நாளு உள்ள ஏறிக் களுவி வுடுறது யாரு? நான்தான? அப்ப மட்டும் என் காலு காலு இல்லியா?”

ஏழுமலை படகைப் பார்த்தார். “அப்டி யாரும் போனது இல்லியே.”

“யாரும் கேட்டது இல்ல. அடுத்த ஞாத்திக்கெயம பூசை. சனிக்கெயம காத்தால பெயிண்ட் காஞ்சிரும். கூட்டினு போய்ட்டு வந்து களுவி வச்சிரு. நானும் வரேன்.”

“நீ எதுக்கு? அவங்க வூட்டுக்காரரு கீறாரே.”

கன்னியம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். “அவரு மூஞ்சியப் பாத்தா நீந்தத் தெரிஞ்சவரு மாதிரியா கீது?”

எனக்கு நீந்தத் தெரியும். மன்னார்குடிக் குளத்தில் கற்றது. ஆனால் அந்த நேரத்தில் அதைச் சொல்லிக் காரியத்தைக் கெடுக்க வேண்டாம் என்று வாயை மூடிக்கொண்டேன். மண்ணெண்ணெய்ச் செலவையும் சேர்த்து எழுநூறு ரூபாய் என்று பேசி முடித்தோம்.

திரும்பும்போது நேராக வீட்டுக்குப் போகாமல் திருக்கழுக்குன்றம் போகலாம் என்றாள் சுகுணா. சாமி கும்பிடத்தான் என்று நினைத்தேன். மலையேறும் வழியில் எல்லோரும் கழுகு வருமா என்று வானத்தைப் பார்த்தார்கள், கழுகு வருவது நின்று சில வருடங்கள் ஆகிவிட்டாலும். இவள் மட்டும் பாறையைப் பார்த்தபடி ஏறினாள். பாதி வழியில் என்னை உட்கார வைத்துப் பாடம் எடுத்தாள். சார்னோகைட் என்று அதற்குப் பெயர். பல்லாவரம் முதல் இந்தப் பக்கம் வரை நம் ஊர்ப் பாறைகளில் பெரும்பாலும் இதுவும் இதன் சொந்தக்காரர்களும்தான். வயது இருநூறு கோடி வருடத்துக்கும் மேல். “நல்லா பாத்து வச்சிக்குங்க. கொஞ்சம் நீலம் கலந்த சாம்பல். எண்ணெய் தடவுன மாதிரி மினுக்கும். மணி மணியா கையில தட்டும். பாறையில போய் இது எங்க, அது எங்கன்னு கேக்கக் கூடாது.” ஒரு டெல்டாக்காரனுக்கு இதற்கு மேல் நல்ல ஆரம்பப் பாடம் கிடைக்காது.

சனிக்கிழமை ஐந்தரைக்குக் கிளம்பினோம். மாமல்லபுரம் பேருந்து நிலையத்துக்கு எதிரே நாஸ்தா: இட்லி, வடகறி, டீ, இரண்டு பேருக்கும் முப்பத்திரண்டு ரூபாய். சுகுணா இரண்டு இட்லியோடு நிறுத்திக்கொண்டாள். பரீட்சைக்குப் போகும் பிள்ளை மாதிரி பையைத் திறந்து திறந்து பார்த்தாள். சுத்தியல், உருப்பெருக்கிக் கண்ணாடி, ஊறுகாய் ஜாடிமேல் இருந்த கறுப்புக் கல். அந்தக் கல்லில் எண்ணெய்ப் பிசுக்கு போகக் கழுவி, கைக்குட்டையில் சுற்றி வைத்திருந்தாள்.

ஏழே காலுக்குப் படகு இறங்கியது. நீலத்தில் மஞ்சள் பட்டை, புது பெயிண்ட் வாசனை தலையைச் சுற்றியது. வலை இல்லாமல் படகு வெறிச்சோடி இருந்தது. ஏழுமலை சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டு, கோயில் கதவைத் திருட்டுத்தனமாகத் திறப்பவர் போல என்ஜினைக் கிளப்பினார். கன்னியம்மா படகின் நடுவில், இரண்டு கையாலும் பலகையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கடலில் வந்த மீனையே இருபது வருடமாக விற்பவர், கடலில் இப்போதுதான் முதல் தடவை. அலை உடையும் இடத்தைத் தாண்டும்போது படகு தூக்கிப் போட்டது. கன்னியம்மா கண்ணை இறுக மூடிக்கொண்டு, “மெதுவா போயேன்யா, யாரு துரத்துறாங்க” என்றார்.

பத்து நிமிடத்தில் பாறைக்குப் பக்கத்தில் வந்துவிட்டோம். கிட்டத்தில் பார்த்தால் அது எருமை இல்லை, ஒரு கல்யாண மண்டபம் அளவுக்கு இருக்கிறது. சுற்றிலும் வழுக்கும் செங்குத்துப் பாறை, தண்ணீர் மட்டத்தில் காலைக் கிழிக்கும் சிப்பி. ஏழுமலை ஒரு சுற்று சுற்றினார். கரையைப் பார்த்த பக்கத்தில், ஒரே ஒரு இடத்தில், ஒரு மாட்டு வண்டி நுழையும் அகலத்துக்குப் பாறையில் பிளவு இருந்தது.

“இங்கதான் சார் ஒட்டும். வேற எங்கியும் ஒட்டாது. எவன் வந்தாலும் இங்கதான் இறங்கணும்.”

சுகுணா யார் கையையும் பிடிக்காமல் தாவிவிட்டாள். இறங்கிய இடத்திலேயே குந்தி, சுத்தியலால் ஒரு தட்டு. தெறித்த துண்டை நனைத்து, கண்ணாடியை வைத்துப் பார்த்தாள். கைக்குட்டையைப் பிரித்து, பழைய கல்லைப் பக்கத்தில் வைத்தாள். இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருந்தன.

“டோலரைட்” என்றாள். “பாருங்க, இந்தச் சுவரும் அதுதான், அந்தச் சுவரும் அதுதான். நேரா போவுது பாருங்க. இதுல வட்டம் எங்க இருக்கு? டைக்குங்க. நான் சொன்னதுதான்.”

என் மனைவி அழுதுவிடுவாள் போல இருந்தது. ஏழுமலைக்கு ஒன்றும் புரியாவிட்டாலும், யாரோ ஏதோ ஜெயித்துவிட்டார்கள் என்று தெரிந்து சிரித்தார். கன்னியம்மாவை மூன்று பேருமாகச் சேர்த்து இறக்கினோம்.

சுகுணா பிளவின் உள்ளே குனிந்து பார்த்துக்கொண்டிருக்க, நான் போட்டோ எடுக்கலாம் என்று மேலே ஏறினேன். இரண்டு ஆள் உயரம் ஏறியதும் உள்ளங்கையில் ஏதோ வித்தியாசமாகத் தட்டியது. மணி மணியாக இருந்தது. பார்த்தால் சாம்பல் நிறம், கொஞ்சம் நீலம் ஓடுகிறது. வெயில் பட்ட இடம் எண்ணெய் தடவியது போல மினுக்கியது. இடது பக்கம் பார்த்தேன், அதே. வலது பக்கமும் அதே. தலைக்கு மேலே உச்சி வரைக்கும் அதே. நான் போன ஞாயிற்றுக்கிழமை திருக்கழுக்குன்றத்தில் உட்கார்ந்திருந்த அதே கல்லின் மேல் உட்கார்ந்திருந்தேன்.

வாழ்க்கையில் ஒரு தடவை எனக்குக் கல் தெரிந்தது, அது இப்படியா தெரிய வேண்டும்? கீழே அவள் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தாள். சொல்லலாமா, வேண்டாமா? படகைக் கிளப்பச் சொல்லி, தலை வலிக்கிறது என்று சாக்குச் சொல்லி, அப்படியே அழைத்துப்போய்விடலாமா என்றுகூட யோசித்தேன். நிஜமாகவே யோசித்தேன். பதினைந்து வருடத்துக்குப் பிறகு கிடைத்த சந்தோஷத்துக்குப் பத்து நிமிடம்கூட ஆயுள் இல்லையா என்று வருத்தமாக இருந்தது.

“என்னங்க, மேல என்ன தெரியுது?” என்று கூப்பிட்டாள்.

“கடல்தான் தெரியுது.”

“கடல் தெரியாம தண்டவாளமா தெரியும்? கல்லு என்னன்னு கேட்டேன்.”

நான் பதில் சொல்லவில்லை. என்னோடு குடித்தனம் நடத்துகிறவளுக்கு அது போதும். புடவையைச் சொருகிக்கொண்டு ஏறி வந்தாள். வந்து, என் பக்கத்தில் கையை ஊன்றினாள். உடனே தெரிந்துவிட்டது அவளுக்கு. தெரிந்தும் உச்சிவரை ஏறினாள். வடக்கே ஒரு தட்டு, தெற்கே ஒரு தட்டு. எங்கே தட்டினாலும் சாம்பல் கல்தான். நான் தண்ணீர் பாட்டிலை நீட்டினேன், வாங்கவில்லை.

பிறகு கீழே பிளவைப் பார்த்தாள். உச்சியிலிருந்து பார்த்தால் எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. பாறை மொத்தமும் நம் ஊர்ச் சார்னோகைட். அதன் நடுவில், கரைப் பக்கத்திலிருந்து ஆழ்கடல் பக்கம் வரை, ரோட்டில் போட்ட தார் மாதிரி ஒரு கறுப்புப் பட்டை. அது மட்டும்தான் டைக். கரைப் பக்கம் ஏழடி அகலம். அந்தக் கறுப்புக் கல்லில் குறுக்கும் நெடுக்குமாக விரிசல் அதிகம், அதனால் அலை அதைத்தான் துண்டு துண்டாகப் பெயர்த்து எடுத்திருக்கிறது. சாம்பல் கல் அசையாமல் நின்றுவிட்டது. கறுப்புக் கல் பெயர்ந்த இடம்தான் பிளவு. பிளவு இருப்பதால்தான் படகு ஒட்டுகிறது.

சுகுணா சிரிக்க ஆரம்பித்தாள். முதலில் மெதுவாக, அப்புறம் பாறையைப் பிடித்துக்கொண்டு.

“என்ன?” என்றேன் பயந்துபோய்.

“பசங்க இங்கதான் இறங்கியிருக்காங்க. வேற எங்கயும் இறங்க முடியாது. இறங்கின இடத்துல கைக்கு எட்டினதை உடைச்சு எடுத்துக்கிட்டு திரும்பிட்டாங்க. ரெண்டு ஆள் உயரம் ஏறலங்க. சாரும் அந்தக் கல்லைப் பாத்துட்டு மொத்தப் பாறையும் இதான்னு சொல்லிட்டாரு. நானும் அதே கல்லைப் பாத்துட்டு மொத்தமும் டைக்குன்னு எழுதிட்டேன். இந்தப் பாறைக்கு யாரு வந்தாலும் இதே தப்பைத்தான் பண்ணுவாங்க.”

“அப்ப உனக்கு வருத்தமா இல்லையா?”

“இருக்கு. கொஞ்சம் இருக்கு. ஆனா பதினஞ்சு வருஷமா நான் சொன்னது சரியா தப்பான்னு கூட எனக்குத் தெரியாது. இப்ப தப்புன்னு எனக்கே தெரியும். எந்த இடத்துல தப்புன்னும் தெரியும்.” தண்ணீர் பாட்டிலை வாங்கிக் குடித்தாள். “எரிமலை சுத்தமா கிடையாது. அதுல நான் பாஸ்.”

கீழே இறங்கி, சாம்பல் கல்லும் கறுப்புக் கல்லும் ஒட்டும் இடத்தைக் காட்டினாள். அந்தக் கோட்டில் ஒரு கத்தி நுனிகூட நுழையாது. ஓரத்தில் கறுப்புக் கல் மை போல நைசாகவும், நடுவில் போகப் போகச் சற்றுச் சொரசொரப்பாகவும் இருந்தது. குளிர்ந்த பாறையைத் தொட்ட இடத்தில் குழம்பு சட்டென்று உறைந்துவிட்டதாம், நடுவில் நிதானமாக ஆறியதாம். என் கையை இழுத்து, கட்டை விரல் ஒரு கல்லிலும் சுண்டு விரல் இன்னொரு கல்லிலும் படும்படி வைத்தாள். இரண்டுக்கும் நடுவில் எத்தனை கோடி வருடமோ. எனக்கு அந்தக் கணக்கெல்லாம் மனதில் நிற்காது. அவள் கை என் கைமேல் இருந்தது நிற்கிறது.

இதற்குள் கன்னியம்மா, பிடிக்க ஆள் இல்லாமலே, எங்களுக்கு மேலே போய் உட்கார்ந்திருந்தார். கரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். “நம்ம வூடு எது?” என்று புருஷனைக் கேட்டார். ஏழுமலை கைகாட்டினார். “அதுவா? தீப்பெட்டி கணக்கா கீது. இந்த எடத்துக்கா நீ பங்காளிங்களோட அவ்ளோ சண்ட போட்ட?” பிறகு சுகுணாவிடம் திரும்பினார். “யக்கா, இந்தக் கறுப்புக் கோடு எங்க போவுது?”

கேள்வி கேட்டவரைச் சுகுணா விடுவாளா? இரண்டு பேருமாகக் கோட்டைப் பிடித்துக்கொண்டு ஆழ்கடல் பக்கம் போனார்கள். அங்கே அலை முகத்தில் அடிக்கிறது, நான் போகவில்லை. ஏழடி இருந்த பட்டை போகப் போக ஒடுங்கி, தண்ணீரைத் தொடும் இடத்தில் இரண்டடிதான் இருந்ததாம். “இங்க முடியுது கன்னியம்மா” என்று சுகுணா சொன்னது எனக்கும் கேட்டது.

ஒன்பதரைக்குக் கரையேறினோம். கன்னியம்மா உடனே படகைக் கழுவ உட்கார்ந்துவிட்டார். மறுநாள் பூசை போட்டு, தேங்காய் உடைத்து, படகு மறுபடியும் படகானது.

போக நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். பிப்ரவரி, மார்ச் நல்ல மாதங்கள், கடல் அடங்கியிருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள். மாமல்லபுரத்துக்குத் தெற்கே கல்பாக்கம் பக்கம் படகில் போகக் கூடாது, கட்டுப்பாடு உண்டு. மிதவை உடுப்பைக் கையோடு கொண்டுபோங்கள், குப்பத்தில் கிடைக்காது. நாங்கள் இல்லாமல் போனோம். அது புத்திசாலித்தனம் இல்லை. ரப்பர் செருப்பு வழுக்கும், பழைய கேன்வாஸ் ஷூ நல்லது. படகுக்காரரின் வழக்கம் எதுவோ அதை மீறச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். அவர் வீட்டம்மாவிடம் ஒரு வார்த்தை பேசிப் பாருங்கள், அவ்வளவுதான். கல்லில் ஆர்வம் இருந்தால், இறங்கிய இடத்திலேயே உடைத்துப் பையில் போட்டுக்கொண்டு திரும்பிவிடாதீர்கள். கொஞ்சம் மேலே ஏறுங்கள்.

இவ்வளவும் எழுதி முடித்து நேற்று மாலை சரிபார்த்துக்கொண்டிருந்தபோது ஏழுமலை போன் செய்தார்.

“சார், உங்க வூட்டம்மா இன்னா பண்ணி வச்சிட்டுப் போனாங்கன்னு தெரியுமா? பேஜாரா கீது சார். பக்கத்து வூட்டுக்காரன் படகுக்கு பெயிண்ட் அடிச்சான். பூசை போடுறதுக்குள்ள ஆறு பொம்பளைங்க ஏறிக் குந்திக்கினாங்க, பாறைக்குப் போவணும்னு. நேத்து போய்ட்டும் வந்துட்டாங்க. என் வூட்டுக்காரிதான் மொத ஆளு. இப்ப தெருவுல எவன் படகு பெயிண்ட் உரியுதுன்னு பாத்துகினே கீறாளுங்க. ஊரு பேர மட்டும் எய்திராத சார்.” சிரித்தாரா, அழுதாரா என்று போனில் தெரியவில்லை. பிறகு, கன்னியம்மா பேச வேண்டுமாம் என்று கொடுத்தார்.

சுகுணா அடுப்பை அணைத்துவிட்டு வந்து வாங்கினாள். “ம்” என்றாள். “எவ்ளோ அகலம்? கை விரிச்சுப் பாத்தியா?” என்றாள். “சரி, சரி” என்றாள். போனை வைத்துவிட்டு மறுபடி சமையல்கட்டுக்குப் போனாள். நானும் பின்னாலேயே போனேன்.

“என்னவாம்?”

“அன்னைக்கு நான் முடியுதுன்னு சொன்னேன் இல்ல, கோடு. முடியலயாம். நேத்து தண்ணி நல்லா வத்தி இருந்துச்சாம். அலைக்கு அடியில அது மறுபடி அகலமாகி கடலுக்குள்ள போவுதாம். அவ இறங்கி, இடுப்பு தண்ணியில நின்னு, காலால தடவிப் பாத்திருக்கா.”

“தண்ணிக்குள்ள பாசியா இருக்கும். கறுப்பா தெரிஞ்சா எல்லாம் டைக்கா?” என்றேன். என் மனைவிக்காகப் பேசுவதாக எனக்கு நினைப்பு.

சுகுணா என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

“அவ அங்க நின்னு பாத்திருக்கா. நான் இங்க சமையல்கட்டுல நிக்கிறேன். அவ சொல்றதுதாங்க சரி.”